சேதுபதி மாமாவின் இடது கால்

7 ஜூலை 1957, ஞாயிறு

பெட்டியில் இருக்கும் முப்பது உருப்படிக்கும் இன்று சீட்டுத் தைத்து முடித்தேன். எலும்பை உருப்படி என்று எழுதுவது சரியா என்று தெரியவில்லை. எங்கள் டோபிக் கடையில் சட்டை, வேட்டி, மேசைவிரிப்பு எல்லாமே உருப்படிதான். அப்படியே எண்ணிப் பழகிவிட்டது.

பெட்டி எங்கள் முதலுதவி மாலை வகுப்புக்கு ஆஸ்பத்திரியிலிருந்து இரவல் வந்தது. அதில் இருப்பது அரை மனிதர். மண்டை ஒன்று, முதுகுத்தண்டு ஒன்று, மற்றதெல்லாம் இடப்பக்கம் மட்டும். விரல் எலும்புகளைக் கம்பியில் கோத்திருக்கிறார்கள். வகுப்பில் நாங்கள் பத்துப் பேர். ஆளுக்கு மூன்று உருப்படி வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கலாம் என்று பொன்னுதுரை சார் இரக்கப்பட்டு அனுமதித்தார். அவர் ஆஸ்பத்திரி உதவியாளர், யாழ்ப்பாணத்துக்காரர், வயது முப்பதுதான் இருக்கும்.

"பெட்டி வெளியிலை போறது ஆஸ்பத்திரிக்குத் தெரியாது பிள்ளை. தெரிஞ்சால் அவையள் என்ரை எலும்பை எடுத்துப் பெட்டியிலை போடுவினம்," என்றார். யார் எதை எடுத்துப்போகிறார்கள் என்று எழுதும் பதிவேடு என் பொறுப்பில் வந்தது அப்போதுதான்.

பதிவேடு மட்டும் போதுமா என்று எனக்குச் சந்தேகம். கடையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி உண்டு. அழியாத மையால் துணியின் ஓரத்தில் போட்டால் ஐந்நூறு வேட்டிக்கு நடுவிலும் யாருடையது என்று தெரிந்துவிடும். ஆகவே எந்த எலும்பு யார் பொறுப்போ, அவர்கள் வீட்டுக் குறியைத் துணிச் சீட்டில் போட்டு, வளையம் போல எலும்பில் சுற்றித் தைத்தேன். கெண்டைக்கால் பக்கத்தில் ஓடும் மெல்லிய எலும்பு ஃபிபுலா. அது என் வகுப்புத் தோழி சீதாவின் பொறுப்பு. அவர்கள் வீட்டுக் குறி ஒரு கொக்கி, அதன் கீழே இரண்டு புள்ளி.

சனிக்கிழமை பரீட்சை. கோலாலம்பூரிலிருந்து டாக்டர் கலியாணசுந்தரம் வருகிறார். தேறினால் அன்றைக்கே கையில் சான்றிதழ். அதை இணைத்துத் திங்கட்கிழமைக்குள் தாதிப் பயிற்சிக்கு மனுப் போட வேண்டும். மனுப்படிவத்தில் வயது இருபத்திரண்டுக்கு மேல் ஆகக் கூடாது என்று அச்சடித்திருக்கிறது. எனக்கு ஜனவரியில் இருபத்து மூன்று. அடுத்த வருஷம் நாடு சுதந்திர நாடாக இருக்கும். நான் இஸ்திரிப் பெட்டிக்கு முன்னால்தான் இருப்பேன். ஆகவே இந்தச் சனிக்கிழமை.

9 ஜூலை, செவ்வாய்

இன்று வகுப்பில் ஒரே சிரிப்பு. காரணம் நான். அதைப் பெருமையாக எழுதவில்லை, நடந்ததை எழுதுகிறேன்.

எலும்புகளின் பெயர்கள் எனக்கு மனப்பாடம் ஆகவில்லை. ஆகவே வகுப்பு நடக்கும் பள்ளிக்கூட நூலகத்தின் பெரிய ஆங்கில அகராதியில் ஒவ்வொன்றாகத் தேடினேன். எல்லாம் லத்தீன். ரோமாபுரிக்காரர்கள் பேசிய பாஷை. பயங்கரமான பெயர் என்று நினைத்ததெல்லாம் அவர்கள் வீட்டுச் சாமான்! முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பான டிபியா என்றால் புல்லாங்குழல். படெல்லா, அதாவது முழங்கால் சில்லு, என்றால் சின்னத் தட்டு. காரை எலும்பான கிளாவிக்கிள் என்றால் குட்டிச் சாவி. இதையெல்லாம் மூன்று பத்தியாகக் கோடு போட்டு எழுதியிருந்தேன். பொன்னுதுரை சார் நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"இது உமக்கு ஆர் சொன்னது?"

"அகராதியில பார்த்தேன் சார். தப்பா சார்?"

"பதினொரு வருசமா நான் இந்தப் பெயரையெல்லாம் சும்மா கிளிப்பிள்ளை மாதிரிச் சொல்லிக்கொண்டு திரியிறன். எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை! ஃபிபுலாவுக்கு என்ன போட்டிருக்கு?"

"புரோச் சார். உடுப்பை மாட்டுற ஊசி. ரோமாபுரி ஆளுங்க துணியைத் தைக்காம, ஊசியால மாட்டித்தான் போட்டுக்குவாங்களாம். அகராதியில படம் இருந்திச்சு. மேல தடியா ஒரு வளைவு, கீழ ஒட்டினாப்ல மெல்லிசா ஒரு ஊசி. தடிக் கம்பி டிபியா, ஊசி ஃபிபுலா."

சார் தம் கால்சட்டையை முழங்கால் வரை தூக்கி, கெண்டைக்காலின் வெளிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு எல்லோரும் அவரவர் காலைத் தடவினோம். யாரோ, "சார், எனக்கு ஊசி குத்துது சார்!" என்று கத்த, பக்கத்து அறைத் தட்டெழுத்து வகுப்புக்காரர்கள் சன்னலில் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

அசல் ஃபிபுலாவையே பார்க்கலாம் என்று சார் பெட்டியைத் திறந்தார். எண்ணினேன். இருபத்தொன்பது. மறுபடி எண்ணினேன். இருபத்தொன்பது. தன் மூன்றில் ஃபிபுலாவை மட்டும் நேற்று எடுத்துப்போன சீதா வகுப்புக்கு வரவில்லை, ஃபிபுலாவும் வரவில்லை.

"சனிக்கிழமை டாக்டர் வந்து முதல்லை பெட்டியைத்தான் எண்ணுவார்," என்றார் சார். சிரிப்பு போய்விட்டது. "பெட்டி நிறைவா இல்லையெண்டால் பரீட்சை இல்லை. போன வருசம் சிரம்பானிலை ஒரு விலா எலும்புக்காகத் திருப்பி அனுப்பினவர்."

10 ஜூலை, புதன்

மாலை ஐந்து மணிக்குக் கம்போங் செட்டிக்குப் போனேன். எங்கள் கடையிலிருந்து பத்து நிமிட நடை. சீதா வீட்டில் அவளுடைய அத்தை மக்சிக் அஞ்சலை ஏணியில் ஏறி உத்தரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். செட்டி வீடுகளில் முன்னோருக்கு இலை போடும் பார்ச்சு வருகிறதல்லவா, அதற்காக வீடே தலைகீழாகக் கிடந்தது. பல தலைமுறையாக இங்கேயே வாழும் செட்டிக் குடும்பங்கள் பேசுவது மலாய். நானும் மலாயில்தான் பேசினேன். இங்கே தமிழில் எழுதுகிறேன், அத்தை என்பதற்கு நான் சொல்லும் மக்சிக் மட்டும் அப்படியே.

சீதா செமாபோக்கில் அக்கா வீட்டில் இருக்கிறாளாம். அக்காவுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, நாளைக்குத்தான் வருவாள்.

"மக்சிக், சீதா இங்க ஒரு பொட்டலம் வெச்சிருந்தாளா? செய்தித்தாள்ல சுத்தி..."

"பொட்டலமா? அப்படி ஒண்ணும் இல்லையே."

எலும்பு என்று கேட்டிருக்க வேண்டும். சாமி அறை வாசலில் நின்றுகொண்டு, பார்ச்சுக்குச் சுத்தம் செய்கிற வீட்டில், அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது?

மக்சிக் மிகவும் சந்தோஷமாக இருந்தார். ஏணியிலிருந்து இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அனாக் டோபி, டோபிப் பொண்ணே, கேட்டியா? இந்த வருஷம் எங்களுக்கு ஒரு இலை கூட! எங்க சேதுபதி மாமா திரும்பி வந்துட்டார்!"

"அப்படியா மக்சிக்! எங்க போயிருந்தார்?"

"கப்பல்ல போனவர், நான் பிறக்கறதுக்கு முன்னால. சேப்பாக் ராகா ஆடுவாராம். பந்து தரையில விழாம நூறு தடவை காலால தட்டுவாராம். இந்த ஊர்லேயே அந்த மாதிரி கால் கிடையாதாம்."

"ரொம்ப சந்தோஷம் மக்சிக். அவருக்கு என்ன பிடிக்கும்?"

"பொரிச்ச மீன்!"

என்னுடைய வாழ்த்தையும் அவரிடம் சொல்லச் சொல்லிவிட்டு வந்தேன். இரவு வெகுநேரம் யோசித்தும், இவ்வளவு வயதானவர் எந்தக் கப்பலில் வந்திருப்பார் என்பது விளங்கவில்லை.

11 ஜூலை, வியாழன்

இதை எழுதும்போது எனக்கு இன்னும் விக்கல் நிற்கவில்லை. வரிசையாக எழுத முயல்கிறேன்.

நான்கு மணிக்குச் சீதா கடைக்கு ஓடி வந்தாள்.

"கமலா, ஃபிபுலாவை நீ எடுத்துட்டுப் போனியா? அலமாரி மேல வெச்சேன், காணோம்!"

"நேத்து உங்க அத்தைகிட்ட வந்து கேட்டேனே. இல்லைன்னாங்க."

"என்னன்னு கேட்ட?"

"பொட்டலம்னு."

"நான் பொட்டலமே கட்டலையே, சும்மாதானே வெச்சேன்! எலும்புன்னு கேக்க வேண்டியதுதானே!"

"சுத்தம் பண்ற வீட்டுல எப்படி கேக்கறது? அதுவும் உங்க சேதுபதி மாமா வேற திரும்பி வந்திருக்காரு."

சீதா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அவர் கப்பல்ல போன இடத்துலேயே செத்து ஐம்பது வருஷம் ஆச்சு, கமலா."

"அப்போ எங்கேயிருந்து வந்தாரு?"

"அலமாரி மேலேயிருந்துன்னு அத்தை சொல்லிச்சு."

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் வாயைப் பொத்திக்கொண்டோம். பிறகு ஓடினோம். சூடான இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தேனா என்று பாதி வழியில் சந்தேகம் வந்தது. திரும்பிப் போகவில்லை. என் வாழ்க்கையில் அப்படி நான் திரும்பாமல் போனது இதுவே முதல் தடவை. நிமிர்த்தித்தான் வைத்திருந்தேன்.

நாங்கள் போனபோது கதவு சாத்தியிருந்தது. வீட்டார் எல்லோரும் முற்றத்தில் நின்றார்கள். உள்ளே முன்னோர்கள் சாப்பிடுகிறார்கள், ஓர் ஊதுபத்தி எரிந்து முடிகிற நேரம் யாரும் உள்ளே போகக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். சீதா என் காதில், "இப்ப என்ன செய்யறது?" என்றாள். ஊதுபத்தி முடியும் வரை ஒன்றும் செய்வதற்கில்லை. அந்த நேரத்தில் பதிவேட்டை மனதுக்குள் சரிபார்த்தேன். எப்படிப் பார்த்தாலும் குற்றம் என்னுடையதாகவே வந்தது.

மக்சிக் மூன்று முறை கதவைத் தட்டித் திறந்தார். தரையில் பதினோரு வாழை இலை. நாசி லெமாக், சம்பால், பலகாரம், மங்குஸ்தீன், டுரியான். கடைசி இலைக்கு முன்னால், மடித்த வெள்ளைத் துணிமேல், மஞ்சள் பூசி, சந்தனம் வைத்து, மல்லிகை சுற்றி, எங்கள் வகுப்பு ஃபிபுலா. அதன் இலையில் இரண்டு பெரிய பொரித்த மீன். எலும்பின் நடுவில் நான் தைத்த சீட்டு, கொக்கியும் இரண்டு புள்ளியும்.

"பார்த்தியா?" என்றார் மக்சிக் என்னிடம், பெருமையோடு. "எங்க குறி! என் அப்பா காலத்துலேர்ந்து உங்க கடை எங்க துணிக்குப் போடற குறி. எங்க ஆளுன்னு எழுதியே அனுப்பியிருக்காங்க!"

"மக்சிக்," என்றேன். "அந்தக் குறியை நான்தான் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை."

எல்லாவற்றையும் சொன்னேன். பெட்டி, வகுப்பு, பத்துப் பேர், ஆளுக்கு மூன்று. மக்சிக் மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.

"அப்போ மாமா வரலையா?"

மக்சிக் இலையைப் பார்த்தார். முகம் சட்டென்று மலர்ந்தது.

"வந்திருக்கார்! மீன்ல ஒண்ணு பாதிதான் இருக்கு!"

"அது பூனை, அத்தை," என்றான் சீதாவின் அண்ணன் தியாகு. "பூனை உள்ளேயே மாட்டிக்கிச்சு. அதோ, அலமாரிக்கு அடியில வாயை நக்கிட்டு உக்காந்திருக்கு."

முதலில் சிரித்தது மக்சிக்தான். அதனால் நாங்களும் தைரியமாகச் சிரித்தோம். ஆனால் எலும்பைக் கேட்டதும் அவர் கையை நீட்டி மறித்துக்கொண்டார்.

"தக் போலே. முடியாது. என் வீட்டுல இலை போட்டுச் சாப்பிட்டவங்க. யாரு, எவருன்னு தெரியாம, விறகு மாதிரி பெட்டியில திருப்பிப் போட விடமாட்டேன். பேரு சொல்லு. என்ன பேரு?"

"ஆள் பேரு யாருக்கும் தெரியாது, மக்சிக். எலும்பு பேருதான் தெரியும். ஃபிபுலா."

"அப்படின்னா?"

நான் பேச வேண்டியிருந்தது. முன்னால் போய் உட்கார்ந்தேன். ரோமாபுரி என்று ஒரு ஊர், இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் அவர்கள் லத்தீன் பேசினார்கள், அந்தப் பெயர்களை டாக்டர்கள் இன்றும் விடவில்லை என்றேன். மக்சிக்கின் கெபாயா சட்டையின் முன்பக்கத்தில் பொத்தான் கிடையாது, மூன்று கெரோசாங் ஊசிதான் மாட்டியிருந்தது. ஒன்றைக் கழற்றித் தரச் சொல்லிக் கேட்டேன். அதன் முதுகைத் திருப்பி, தடித்த வளைவையும் அதை ஒட்டிய மெல்லிய ஊசியையும் காட்டினேன். பிறகு என் காலை நீட்டி, முன் எலும்பையும் பக்கத்து எலும்பையும் காட்டினேன்.

"ஃபிபுலான்னா கெரோசாங், மக்சிக். அந்த ஊர் ஆளுங்க காலைப் பார்த்துட்டு, இது நம்ம கெரோசாங் ஊசி மாதிரியே இருக்குதேன்னு பேரு வெச்சுட்டாங்க."

"அந்த ஊர்ப் பொம்பளைங்க கெரோசாங் போட்டாங்களா!"

"ஆம்பளைங்களும், மக்சிக். பட்டாளத்துக்காரங்களும்."

"பட்டாளத்துக்காரனா!"

அதற்குப் பிறகு நடந்ததற்கு நான் பொறுப்பில்லை. தியாகு மேசைவிரிப்பை எடுத்துத் தோளில் போட்டு, அத்தையின் இன்னொரு கெரோசாங்கை வாங்கி மாட்டிக்கொண்டு, துடைப்பத்தை ஈட்டியாகப் பிடித்து முற்றத்தைச் சுற்றி அணிவகுத்தான். "யாரடா அங்கே! என் கெரோசாங் கழண்டு போச்சு, சண்டையை நிறுத்து!" என்று கத்தினான். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலிக்கு மேல் தலையை நீட்டினார்கள். சீதா தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள், அவ்வளவு சிரிப்பு. மக்சிக் தம் கெண்டைக்காலைத் தடவித் தடவிப் பார்த்து, "அடோய், உள்ளேயும் காலுக்கு ஒண்ணு இருக்கா! இத்தனை நாளா அஞ்சு மாட்டிட்டு நடந்திருக்கேன்!" என்றார்.

அடங்கியதும் எலும்பைக் கையில் எடுத்து, குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"யாரோ ஒருத்தர். எங்க மாமா எங்கேயோ ஒரு ஊர்ல கிடக்கார். அங்கேயும் யாராவது ஒரு இலை போட்டிருப்பாங்க. சரி. ஆனா நாளைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை வீட்டை விட்டு யாரையும் அனுப்ப மாட்டோம். சனிக்கிழமை காலையில நானே கொண்டாந்து விடறேன். எட்டரைக்கு."

"பரீட்சை ஒன்பது மணிக்கு, மக்சிக்."

"அதான் எட்டரைன்னேனே."

12 ஜூலை, வெள்ளி

மத்தியானம் பொன்னுதுரை சார் கடைக்கு வந்தார். சொன்னேன். அவர் இஸ்திரி மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டார்.

"பார்ச்சிலை வைச்சுப் படைச்சுப்போட்டினமோ?"

"மீனோட சார்."

சாயங்காலம் மறுபடி வந்தார். கையில் ஒரு பிரம்புத் துண்டு. மனுஷி வராவிட்டால் இருக்கட்டும் என்று இரண்டு மணி நேரம் சீவிச் சுண்ணாம்பு பூசியிருக்கிறார். அது ஃபிபுலா மாதிரி இல்லை, கறிக் கரண்டியின் காம்பு மாதிரி இருந்தது. அவரும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டாக்டர் கேட்டால் என்னெண்டு சொல்றது, பிள்ளை? இந்த மனுசன் உயிரோடை இருக்கேக்கையே பிரம்பாலைதான் நடந்தவர் எண்டோ?"

நான் வேண்டாம் என்றேன். பொய் எலும்பை என் பதிவேட்டில் எழுத முடியாது. எழுதினாலும் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும். சார் ஒப்புக்கொண்டார். ஆனாலும் பிரம்பைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டுதான் போனார்.

மனுப்படிவத்தை நிரப்பி வைத்தேன். சான்றிதழ் எண் என்ற கட்டம் மட்டும் காலி.

13 ஜூலை, சனி

எட்டரை. மக்சிக் வரவில்லை. எட்டே முக்கால். வரவில்லை. ஒன்பதுக்கு டாக்டர் கலியாணசுந்தரம் வந்தார். குள்ளமான ஆள், குரல் மட்டும் மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்கும். கோட்டைக் கழற்றினார், பெட்டியைத் திறந்தார், ஆஸ்பத்திரிப் பட்டியலை விரித்தார். நீலப் பென்சிலால் ஒவ்வொன்றாகக் கோடு போட்டுக்கொண்டே வந்தார். மண்டை, தாடை, விலா, கை. தொடை. தட்டு. புல்லாங்குழல். பென்சில் நின்றது.

"ஃபிபுலா எங்கே?"

பொன்னுதுரை சாரின் கை சட்டைப்பைக்குப் போயிற்று. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"வந்துகிட்டு இருக்கு, சார்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அதுவரை ஆங்கிலம் பேசியவர் தமிழுக்கு மாறினார். "எலும்பு வந்துகிட்டு இருக்கா? எப்படி, நடந்தா?"

"இல்லை சார். பெச்சாவில."

வகுப்பில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். டாக்டரின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. "ஐந்து நிமிடம்," என்று கடிகாரத்தை மேசையில் வைத்தார். "அதற்குள் பெட்டி நிறையாவிட்டால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்."

ஐந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று எனக்கு இப்போது தெரியும். பத்துப் பேருடைய சனிக்கிழமை. என் ஒருத்தியுடைய எல்லா வருஷமும். நான்காவது நிமிடத்தில் வெளியே மூன்று சக்கரப் பெச்சாவின் மணி விடாமல் அடித்தது. மக்சிக் அஞ்சலை பித்தளைத் தாம்பாளத்தோடு உள்ளே வந்தார். கெபாயா, மூன்று கெரோசாங், கொண்டையில் பூ. தாம்பாளத்தில் பட்டுத் துணிக்குள் ஃபிபுலா.

"வழியில கோயில் வாசல்ல நிறுத்திக் கும்பிட்டுட்டு வந்தோம்," என்றார் டாக்டரிடம் மலாயில், எந்தப் பதற்றமும் இல்லாமல். "நாங்க ரெண்டு பேரும்."

டாக்டர் பட்டுத் துணியை விலக்கினார். முகர்ந்தார். "மஞ்சள். சாம்பிராணி. இது... மீனா?"

"இரண்டு மீன், சார்," என்றேன்.

"நீ சொல். ஆரம்பத்திலிருந்து."

சொன்னேன். குறி, அலமாரி, நான் எலும்பு என்று கேட்காதது, மாமா, பூனை. எதையும் விடவில்லை. பூனையை விட்டிருக்கலாமோ என்று இப்போது தோன்றுகிறது. பெட்டி வீட்டுக்குப் போன கதை வந்தபோது பொன்னுதுரை சார் தாமே எழுந்து, "அனுமதி குடுத்தது நான்தான்," என்றார்.

டாக்டர் எலும்பை என்னிடம் நீட்டினார். "உன்னிலிருந்தே தொடங்குவோம். இது வலது காலா, இடது காலா? பெட்டியில் எல்லாம் இடப்பக்கம் என்று சொல்லாதே. எலும்பைப் பார்த்துச் சொல்."

எல்லா எலும்பிலும் இதுதான் பக்கம் கண்டுபிடிக்கக் கஷ்டமானது. கணுக்கால் நுனியைக் கீழே பிடித்தேன். அதிலுள்ள சின்னப் பள்ளம் பின்னால் இருக்க வேண்டும். திருப்பினேன். வழுவழுப்பான முகம் வலப்புறம் பார்த்தது. எலும்பு என் கையில் மெழுகு போல வழுக்கியது. மஞ்சளா, வியர்வையா, தெரியாது.

"இடதுன்னு நினைக்கிறேன், சார்."

"நினைக்கிறாயா? ஆம்புலன்ஸில் ஆளைப் படுக்க வைத்துக்கொண்டும் நினைப்பாயா?"

மறுபடி பார்த்தேன். பள்ளம் பின்னால். முகம் வலப்புறம். அது இடமில்லை, வலப்பக்கத்ததுதான் என்று சொல்லும் வழக்கமான சந்தேகக் குரல் உள்ளே வந்து நின்றது. எலும்பு அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"இடது, சார்."

"ஏன்?"

காரணம் சொன்னேன். அவர் அடுத்த கேள்விக்குப் போனார். "பெயர்?"

பெயர்க் காரணத்தைக் கேட்டாரா, பெயரை மட்டும் கேட்டாரா என்று தெரியவில்லை. நான் காரணத்தையே சொன்னேன். மக்சிக் தாமாகவே ஒரு கெரோசாங்கைக் கழற்றி அவர் கையில் கொடுத்து, "பட்டாளத்துக்காரனும் போடுவானாம்!" என்றார். டாக்டர் கெரோசாங்கைத் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் ஃபிபுலாவை வைத்துப் பார்த்தார். வாய் ஓரம் துடித்தது.

"சரி. இந்த அம்மாவுக்கு இடது ஃபிபுலா முறிந்துவிட்டது. கட்டு."

மக்சிக்கைப் பெஞ்சில் படுக்க வைத்தோம். காலை அசையாமல் பிடிக்க மட்டை வேண்டும். மட்டையைத் தேடும்போது பொன்னுதுரை சார் தம் பைக்குள்ளிருந்து பிரம்பை எடுத்து நீட்டினார். பார்க்காதது போல் நான் சுவரோரம் இருந்த சரியான மட்டையை எடுத்தேன். வெளிப்பக்கம் மட்டை, நடுவில் பஞ்சு, முழங்காலுக்கு மேலும் கீழும் கட்டு. கணுக்காலுக்கு வந்ததுதான் தாமதம், மக்சிக் துள்ளினார்.

"அடோய்! கூசுது, அனாக் டோபி, கூசுது!"

"அசையாதீங்க மக்சிக், கால் முறிஞ்சிருக்கு!"

"முறிஞ்ச காலும் கூசுமா?"

அவர் சிரிக்கச் சிரிக்கப் பெஞ்சு ஆடியது. எனக்குச் சிரிப்பை அடக்கிக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் கை மட்டும் சிரிக்கவில்லை. எட்டு எண் போலப் பாதத்தைச் சுற்றி, முடிச்சை மட்டையின் பக்கம் போட்டேன். விரல் நகத்தை அழுத்தி, ரத்தம் திரும்பி வருகிறதா என்று பார்த்தேன். நிமிர்ந்தபோது டாக்டர் கலியாணசுந்தரம் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். தோள் குலுங்கியது.

சான்றிதழில் மை காய்வதற்கு முன்பே நான் எண்ணைப் படித்துவிட்டேன். 41. மறுபடி படித்தேன். 41. பத்தில் எட்டுப் பேர் தேறினோம். சீதா காரை எலும்பை முழங்காலில் வைத்துவிட்டாள், அக்டோபரில் மறுபடி வர வேண்டும். "பரவாயில்லைலா, அத்தையைத்தானே மறுபடி கட்டப் போறேன்," என்றாள். பொன்னுதுரை சாருக்குத் தனியாகப் பத்து நிமிடம் திட்டு. இனிப் பெட்டி அறையை விட்டு நகரக் கூடாது. முப்பது சீட்டையும் நான் பிரித்துவிட்டுத்தான் போக வேண்டும். அடுத்த பார்ச்சுக்கு எலும்புக்காரரை வீட்டுக்கு அனுப்ப முடியுமா என்று மக்சிக் கேட்டதற்கு, ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கேட்கச் சொன்னார் டாக்டர். அந்தக் கடிதம் எழுதுவது என் தலையில் விழுந்திருக்கிறது.

திரும்பும்போது மக்சிக்கும் நானும் சீதாவும் ஒரே பெச்சாவில் நெருக்கி உட்கார்ந்தோம். சான்றிதழ் மடங்காமல் இருக்க அதைத் தாம்பாளத்துக்குள் வைத்து என் மடியில் பிடித்திருந்தேன். மக்சிக் விடவில்லை.

"இது என்ன?" கழுத்துப் பக்கம் தொட்டார்.

"குட்டிச் சாவி."

"இது?" முழங்கால்.

"சின்னத் தட்டு."

பெச்சாக்காரர் பக்கத்திலிருந்து மிதித்தபடியே எட்டிப் பார்த்தார். "என்னோட முழங்காலிலுமா தட்டு இருக்கு?" என்று மலாயில் கேட்டார். இருக்கிறது என்றேன். "அதான் மேட்டுல ஏறும்போது கடகடங்குது!" என்றார். சந்தை வழியில் போனவர்கள் எல்லோரும் எங்களையே பார்த்தார்கள். எனக்கு வெட்கமாகவே இல்லை. கொஞ்சம் சத்தமாகவே பதில் சொன்னேன் என்று நினைக்கிறேன். இல்லை, சத்தமாகத்தான் சொன்னேன்.

"அப்போ இது?" என்று மக்சிக் சற்று நகர்ந்து, தாம் உட்கார்ந்திருந்த இடத்தையே கையால் தட்டினார். "கீழே, கடைசியா ஒரு முனை இருக்குமே?"

"அந்த வால் எலும்போட பேரு லத்தீன் இல்லை மக்சிக், கிரேக்கம். குயில். குயிலோட மூக்கு மாதிரி இருக்காம்."

பெச்சா நின்றுவிட்டது. பெச்சாக்காரர் கைப்பிடிமேல் கவிழ்ந்து கிடந்தார். தோள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. மக்சிக் இருக்கையிலிருந்து பாதி எழுந்து, ஒரு குயிலின் மேல் இவ்வளவு நாள் உட்கார்ந்ததற்கு மன்னிப்புக் கேட்பவர் போலத் திரும்பிப் பார்த்தார். பின்னால் வந்த பஸ் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது.